கந்தப்பன் பெயருக்கு ஒரு பதில்

தலைவர் அலவி நானா அவர்களே, ஹாலிஎலக் கடைவீதிப் பெரியோர்களே, செம்பாறைத் தோட்டத்திலிருந்து மழையோடு மழையாக நடந்து வந்திருக்கும் என் மக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாரியாயி அம்மாவே! எல்லோருக்கும் வணக்கம்.

நம் கணக்கப்பிள்ளை இராசையா அவர்கள் மறைந்து இன்று பதினாறாம் நாள். பதினான்கு வருடம் அவருக்குக் கீழே உதவிக் கணக்கப்பிள்ளையாக இருந்தவன் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். உருகிப் பேச எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

முப்பது வருடம், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் முந்நூறு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல் அது. யாரையாவது ‘ஏய்’ என்றிருப்பாரா? பிள்ளை பெற்று எழுந்தவளை மேட்டு மலைக்கு அனுப்பியிருப்பாரா? வராதவருக்கு வீட்டார் ‘சீக்குங்க’ என்று பதில் சொன்னால், நம்பி அப்படியே எழுதிக்கொள்வார். அப்பேர்ப்பட்ட இராசையா அண்ணன் ஒரு பொய் சொன்னார். அதைச் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன். சங்கச் செயலாளர் முகம் சுளிக்கிறார், சுளிக்கட்டும். அண்ணனின் மனைவி மாரியாயி அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

மாரியாயி அம்மாவின் முதல் கணவர் கந்தப்பன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பட்டாளத்துக்குச் சுமை தூக்கும் கூலியாட்களோடு மெசப்பொத்தேமியாச் சண்டைக்குக் கப்பலேறினார். போனவர்களின் பேரைப் புத்தகத்திலிருந்து வெட்டக் கூடாது என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். அதனால் தினமும் அண்ணன் ‘கந்தப்பன்’ என்று கூப்பிடுவார். தலையில் பூவோடு மாரியாயி அம்மா பதில் சொல்வார்: “பட்டாளத்துல இருக்காருங்க.”

மறுவருடம் ஆனியில் ஆபீசுக்குக் கடிதம் வந்தது. சித்திரை ஏழாம் தேதி கந்தப்பன் பஸ்ராவில் காய்ச்சலில் இறந்துவிட்டார். துரை கடிதத்தை அண்ணன் கையில் கொடுத்து, வீட்டில் சொல்லிவிடும்படி சொன்னார். அடுத்த மாதமே அந்தத் துரையும் சண்டைக்குப் போய்விட்டார். கடிதத்தைப் பற்றித் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான்.

அவருக்கு மாரியாயி அம்மாமேல் ஆசை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் பெரட்டில் மாரியாயி அம்மா பெயர் வரும்போது மட்டும் குரல் இறங்கும். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியாதா? ஆசைப்பட்டவளிடம் போய் ‘உன் புருஷன் செத்துவிட்டான்’ என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினேழு மாதம் இறந்தவரின் பெயரைக் கூப்பிட்டார்.

சண்டை முடிந்ததென்று பதுளையில் வெடி போட்டார்கள். கந்தப்பன் வரப்போகிறாரென்று மாரியாயி அம்மா லயத்தில் தன் வீட்டுக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்தார். அதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் வாயைத் திறந்தார். “இப்பத்தான் கடுதாசி வந்துச்சும்மா. இந்த ஐப்பசியிலதான் தவறிட்டாராம்.” அதுதான் பொய்.

இரண்டு வருடம் கழித்து அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். மாரியாயி அம்மா வருடந்தோறும் ஐப்பசியில் கந்தப்பனுக்குப் படையல் போட்டார். நாள் தவறு. அது தெரிந்தவர் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

வருடத்தில் ஒரே நாள் அண்ணன் பெரட்டுக்கு வரமாட்டார். வருஷப் பிறப்பிலிருந்து ஏழாம் நாள். நான் கேலி செய்வேன்: “என்னாண்ணே, பலகாரம் இன்னும் செரிக்கலையா?” “ஆமாப்பா, சீக்குன்னு போட்டுக்க” என்பார். போன வாரம், ஆள் வரவு எழுதும் செக்ரோல் புத்தகங்கள் என் கைக்கு வந்தன. ஒன்றின் அட்டைக்குள், வீட்டில் சொல்லச் சொல்லித் துரை எழுதிய குறிப்போடு அந்தக் கடிதம் இருந்தது. கந்தப்பன் இறந்த தேதியைப் பார்த்தேன்: சித்திரை ஏழு. சண்டை முடிந்த பிறகு வந்த ஒன்பது வருடத்துப் புத்தகங்களையும் விரித்தேன். அதே நாளில் ‘கணக்கப்பிள்ளை சீக்கு’ என்று எழுதியிருந்தது என் கை. கேலி செய்ததை நினைத்து வெட்கப்பட்டேன்.

அந்தக் காலைகளில் உங்கள் கடையில் கால் றாத்தல் எள் வாங்கினாரே, அலவி நானா, எதற்கென்று கேட்டதாக நீங்களே என்னிடம் சொன்னீர்களே? “எனக்கு உரிமையில்லாத வேலை ஒன்னு இருக்கு நானா” என்றாராம். பதுளை ஓயா ஆற்றில் இறங்கி, கந்தப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்திருக்கிறார்.

இது நல்லதா, கெட்டதா? தீர்ப்புச் சொல்ல நான் யார்? கடிதத்தை உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாரியாயி அம்மா தேதியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு, “பதினேழு மாசம் பூ வச்சுக்கிட்டு நின்னேனுங்களே, பாத்துக்கிட்டேயா கூப்பிட்டாரு?” என்றார். ஆமாம் என்றேன். “எள்ளு எறைச்சாராங்க?” ஆமாம் என்றேன். அப்புறம் ஒன்று கேட்டார். அதை நிறைவேற்றுவதாக இந்தச் சபையில் உறுதி கூறுகிறேன்.

நாளை முதல் செக்ரோல் என் பொறுப்பு. அண்ணனைப் போலவே ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். வந்த செய்தியை வந்த அன்றே சொல்வேன். நாளைப் பெரட்டில் முதலில் ‘கந்தப்பன்’ என்று கூப்பிடுவேன். அடுத்து, இதுவரை அங்கே யாருமே கூப்பிடாத ‘இராசையா’ என்ற பெயரையும் கூப்பிடுவேன்.

மாரியாயி அம்மா கேட்டது இதுதான்: “ரெண்டு பேரையும் கூப்பிடுங்க. ரெண்டுக்கும் நாந்தான் பதில் சொல்லணும்.”