தைத்து வைத்த கைகள்

உங்கள் மகளை நம் ஐரிஷ் நடன வகுப்பில் சேர்த்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், சார்ஜெண்ட். நல்ல காரியம். முதுகு வளையாமல் வளருவாள். சமையலறைத் தரையைத் தட்டித் தட்டி உங்கள் காதைத் துளைத்துவிடுவாள், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே இரண்டு விஷயங்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். காலைப் பார்க்கக் கூடாது. கை அசையக் கூடாது.

ஃபினோலாவுக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த இரண்டும் போதும்.

அவளும் நானும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். பதினாறு வயதில், லிமரிக்கில் நடந்த போட்டியில் இருவரையும் சேர்த்து மேடையேற்றினார்கள். அது வழக்கம்தான். ஒரே இசைக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு ஆட்டம். ஒருவர் பாதையில் மற்றவர் குறுக்கிடாமல் ஆட வேண்டும். மேடை நடுவில் மோதிக்கொண்டோம். அவளுடைய கனத்த காலணி என் முட்டியில் இறங்கியது. அதற்குப் பிறகு அந்த முட்டி முழுதாக மடங்கியதே இல்லை. நான்தான் பாதை தவறி வந்துவிட்டேன் என்றார்கள் நடுவர்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன தெரியும்.

அன்று அவளுக்கும் பரிசு கிடைக்கவில்லை. கை அசைந்துவிட்டது என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். அவள் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. பயிற்சிச் சட்டையின் கைகளைப் பாவாடையோடு சேர்த்துத் தைத்து, அந்தக் குளிர்காலம் முழுக்க அவளை அப்படியே ஆடவைத்தாள். காலில் மாவுக்கட்டோடு நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் தடுக்கி விழுந்தாள். முகம்தான் தரையில் மோதியது. முன்பல் போயிற்று. பிறகு தையலைப் பிரித்தார்கள். கைகள் மட்டும் தையலை மறக்கவில்லை. எங்கே தடுக்கினாலும் அவளுக்கு முகம்தான் முதலில் தரைக்கு வரும். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டேன்.

அவள் உலகமெல்லாம் ஆடிவிட்டு ஊருக்குத் திரும்பி, ஒரு குழு தொடங்கினாள். முதல் வேலையாக என்னைத் தேடி வந்தாள்.

"ஏண்டி டெர்வ்லா, எத்தன காலத்துக்கு இந்தத் தபால் ஆபீஸ்ல ஸ்டாம்பு கிழிச்சுக்கிட்டு இருக்கப்போற? ஸ்கூல்ல நீ சொன்ன பேய்க்கதையில நான் ஒரு வாரம் தனியா கக்கூஸ் போகலடி. நீ கதை பண்ணு. நான் ஆடுறேன்."

சிரித்தாள். பொய்ப்பல் மட்டும் மற்ற பற்களைவிட வெளுப்பாகத் தெரிந்தது. நொண்டிக்குப் பிச்சை போடுகிறவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

கதை செய்தேன். ஓர் அக்கா, ஒரு தங்கை, ஒரு கடற்பாறை. தங்கை பாறையிலிருந்து விழுந்து சாகிறாள். அக்கா ஊர் மெச்ச வாழ்கிறாள். பேச்சே கிடையாது, எல்லாம் காலால் சொல்வது. காலடிச் சத்தத்தைப் பிடித்துவைத்து, யாரைச் சொல்கிறாய் என்று யாரும் கேட்க முடியாது. அது எனக்குப் பிடித்திருந்தது. அக்கா வேடம் ஃபினோலாவுக்கு.

பயிற்சியின்போது ஒருநாள் மூச்சு வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இவ தங்கச்சியத் தள்ளிவிட்டாளா, இல்ல அவளாவே விழுந்தாளா? தெரிஞ்சாதானே ஆட முடியும்."

"உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"நல்லா கேட்ட போ. கதை பண்ணவ நீயி, என்னக் கேக்குற?" என்று ஈரத் துண்டால் என் தோளில் அடித்தாள்.

உண்மையைச் சொல்ல அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாறையைச் செய்தவன் தச்சன் பாட்ஸி. ஆள் உயரம், மேலே பலகைகள், எல்லாவற்றையும் மூடிக் கறுப்புத் துணி. கடைசிக் காட்சியில் அக்கா பின்னாலிருந்து பாய்ந்து வந்து, விளிம்புப் பலகையில் இறங்கி, கடலைப் பார்த்து நிமிர்ந்து நிற்க வேண்டும். "என் மாமியாரே ஏறிக் குதிச்சாலும் தாங்கும்" என்றான் பாட்ஸி. தாங்கியிருக்கும். அவனைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

அரங்கேற்றத்தன்று மாலை, ஆட்டத்துக்கு முன் எல்லோரும் பின்னறையில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது, விளிம்புப் பலகையை நான் கழற்றினேன். துணியைப் பழைய இடம்வரை இழுத்து ஆணியடித்தேன். ஏணியில் ஏறி இறங்குவது எனக்குச் சுலபமில்லை. முட்டி இன்னும் வலிக்கிறது. பிறகு நானும் போய் ஒரு சாண்ட்விச் எடுத்துக்கொண்டேன். ஆடப்போகிற பிள்ளைகளிடம், "யாருக்கு என்ன ஆனாலும் சரி, பாட்டு நிக்கிறவரைக்கும் கால் நிக்கக் கூடாது" என்றேன். எல்லாக் குழுவிலும் சொல்வதுதான்.

ஃபினோலா பாய்ந்தாள். காலைப் பார்க்கவில்லை. துணி கிழிந்த சத்தம் பிடிலில் அமுங்கிப்போனது. தலை முன்னால் வர, கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியபடியே கீழே வந்தாள். அவ்வளவு ஒழுங்கான கைகளை எந்தப் போட்டியிலும் நான் பார்த்ததில்லை. சபை எழுந்து நின்று கைதட்டியது. தங்கையின் கணக்கைக் கடல் தீர்த்துவிட்டது என்று கதையைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள். பாட்டு முடியும்வரை பிள்ளைகள் அவளைச் சுற்றி ஆடினார்கள்.

கழுத்துக்குக் கீழே இனி எதுவும் அசையாதாம். யாரும் தைத்து வைக்கத் தேவையில்லை.

நேற்று மருத்துவமனைக்குப் போனேன். கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். என் நடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். "டெர்வ்லாவா? சனங்களுக்கு உன் கதை பிடிச்சுதாடி?" என்றாள். அவள் முகத்துக்கு மேல் குனிந்து, பிடித்தது என்றேன். அழாதே என்று சொன்னாள். நான் அழவில்லை; வெளியே மழை, முகத்தைத் துடைக்காமல் வந்திருந்தேன்.

ஆடும்போது ஃபினோலாவின் கை அசைந்ததே இல்லை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். தவறு. ஒரே ஒரு முறை அசைந்தது. லிமரிக்கில், நான் விழுந்துகொண்டிருந்தபோது. விரல்களை விரித்துக்கொண்டு அந்தக் கை என்னை நோக்கி வந்தது. என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தது. நான் நழுவி விழுந்த பிறகும் அந்த விரல் தடங்கள் வெகுநேரம் சிவந்திருந்தன.

தள்ளிவிடுகிறவர்கள் முதலில் அப்படித்தான் பிடிப்பார்கள், சார்ஜெண்ட்.