அதே பொடி, ஆறாம் முறை

பொடியை எடை போடும்போது நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவேன், ஐயா. ஆய்வகத் தராசு அவ்வளவு நுட்பமானது.

யூரியாவையும் ஆல்கஹாலையும் சேர்த்துச் சூடாக்கினால் கார்பனேட் கிடைக்கும், அம்மோனியா வாயு மேல் குழாய் வழியே வெளியேறும். பெயின்டுக்கும் பேட்டரிக்கும் ஆகும். அந்த வினையைத் தூண்டுவது என்னுடைய வெள்ளைப் பொடி. அது கரையாது, வடிகட்டிக் கழுவிப் பத்து முறை போடலாம் என்று அறிக்கையில் எழுதினேன்.

சோதனையில் ஒவ்வொரு முறையும் எடை குறைந்தது. வடிதாளில் ஒட்டியிருக்கும் என்று புதுப் பொடி கொஞ்சம் சேர்த்து ஈடுகட்டினேன். நான்காம் முறை பாதிதான் மிஞ்சியது. அவ்வளவு ஒட்டாது என்று எனக்குத் தெரியும், பொடி கரைந்துகொண்டிருந்தது. ஆய்வகத் தலைவர் அதற்குள் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டிவிட்டிருந்தார். குறைந்த பாதியையும் புதிதாகப் போட்டேன், எழுதவில்லை.

தொழிற்சாலையில் ரியாக்டரை ஓட்டியவர் என் அக்கா வீட்டுக்காரர். ஆறாம் முறைக்கு முன் போன் செய்தார்.

"பொடி பாதிகூட இல்லம்மா. யூரியா அப்படியே நிக்குது, மேல் குழாயில வெள்ளையா படியுது. புதுசு போட்டுக்கவா?"

புதிது போட்டால் என் பத்து முறை என்ன ஆவது?

"வேண்டாம் மாமா. நல்லா கழுவிட்டு அதையே போடுங்க."

என் பேச்சை அவர் தட்டியதில்லை. அன்று மதியம் குழாய் அடைத்து, அழுத்தம் ஏறி, மூடி தெறித்தது. அம்மோனியா முகத்தில் அடித்து அவருக்கு இரண்டு கண்ணும் போயிற்று.

அவர் பொடியைச் சரியாகக் கழுவவில்லை என்று விசாரணையில் உங்களிடம் சொன்னது நான்தான். போன் செய்ததை அவரும் சொல்லவில்லை, என் வேலைக்கு ஆபத்து வரக்கூடாதென்று. ஞாயிறுதோறும் போய்ச் செய்தித்தாள் படித்துக் காட்டினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்குவாள். கூனிக்குறுகிப் போவேன், இருந்தாலும் அவள் போட்ட டீயைக் குடித்துவிட்டுத்தான் வருவேன்.

போன வாரம் அவராகவே கேட்டார்.

"மூணு தடவை கழுவினதா ஞாபகம். ஒருவேளை ரெண்டுதானோ? நீ என்னம்மா நினைக்கற?"

"ரெண்டாத்தான் இருக்கும் மாமா," என்றேன்.

அவர் அக்கா இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "என்னாலதான் உனக்கு இந்தக் கதி. மன்னிச்சுக்க," என்றார்.

முப்பது முறை கழுவியிருந்தாலும் அந்தக் குழாய் அடைத்திருக்கும். இதை நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள், ஐயா. நான் சொன்னால் அவர் மனம் தாங்காது.