விலை இறங்கையில் வாசலில் ஏன் கூட்டம்?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கிரிப்டோ நாணயத்தைப் பற்றிக் கலந்து பேசுவதற்கென்றே இந்த இணைய மன்றத்தைக் கட்டி எழுப்பிய நிர்வாகக் குழுவினரே, ஏற்றத்திலும் இறக்கத்திலும் எழுதுவதை நிறுத்தாத மூத்த உறுப்பினர்களே, புனைபெயர்களைக் கழற்றி வைத்துவிட்டுச் சொந்த முகத்தோடு வந்திருக்கும் தம்பிமார்களே, துணைக்குத்தான் வந்தோம் என்று சொல்லிப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, எப்போது முடிப்பான் இவன் என்று சாவிக்கொத்தோடு கதவருகே நிற்கும் மண்டபக் காவலர் அவர்களே, உங்கள் அனைவரையும் இருகரம் கூப்பி வணங்குகிறேன்.

வணங்குவதே இந்த மன்றத்தில் எனக்கு வாய்த்த பணி. புதிதாகப் பதிவு செய்ய வருவோரை வாசலில் நின்று வரவேற்பவன் நான். வரவேற்று வரவேற்று வாய் வறண்டவன். 'எதைத் தேடி வந்தீர்கள்?' என்று நாம் கேட்கிறோம். வருகிறவர் ஒரு வரியில் விடை எழுதுகிறார். அதைப் படித்துவிட்டு, அவர் கைபிடித்து அழைத்துச் செல்ல ஒரு பழைய உறுப்பினரை முறைவைத்து ஒப்படைக்கிறேன். எத்தனை பேர் என்பது குழுவுக்குப் போகும். எதைத் தேடி என்பது என்னோடு நின்றுவிடும்.

சற்றுமுன் தலைவர் இந்தத் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். விலை சரிந்து கிடக்கிறது. ஆனால் புதுப் பதிவுகளின் கோடோ வானத்தைப் பார்த்து ஏறுகிறது. நீங்கள் கைதட்டினீர்கள். ஏன் தட்டினீர்கள் என்பதை நான் அறிவேன். ஆள் ஏறினால் விலை ஏறும் என்பது நம் மன்றத்தின் நெடுநாள் நம்பிக்கை. புயலுக்கு முன் பறவையைப் பார்ப்பதுபோல், விலைக்கு முன் வாசலைப் பார்ப்பது நம் வழக்கம்.

ஐயா, கேட்கவில்லையா? ஒலிபெருக்கியைக் குறை சொல்லாதீர்கள், தம்பி. குரல்தான் தேய்ந்துவிட்டது. கிட்டே வந்து பேசுகிறேன்.

விலை ஏறிய காலங்களில் வாசலில் நின்றிருக்கிறேன். அப்போது வருகிறவர்கள் எறும்பாய் வருவார்கள், அவசரமாய் வருவார்கள், 'லாபம்' என்ற ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு என் வணக்கத்தைக்கூட வாங்காமல் உள்ளே ஓடுவார்கள். விலை அசையாமல் கிடந்த காலங்களிலும் நின்றிருக்கிறேன். அப்போது வாசலில் நானும் காற்றும்தான். விலை விழுந்தபோதோ, வந்தவர் சிலர், வைதவர் பலர். இம்மூன்றையும் பார்த்த கண்ணுக்கு இந்த நான்காவது காட்சி புதிது. விலை விழுகிறது; வருகை ஏறுகிறது. வருகிறவர்கள் ஓடவில்லை. வைதுவிட்டுப் போகவில்லை. வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள்.

எதைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டேன். 'சும்மா பார்க்க' என்றார் ஒருவர். 'தெரிந்துகொள்ள' என்றார் இன்னொருவர். ஓர் அம்மையார் எழுதினார், 'ஆளைத் தேடி.'

பழைய அகப்பாடல்களைப் படித்தோருக்குப் பொருள்வயிற் பிரிவு தெரியும். பொருள் தேடித் தலைவன் பாலை நிலம் கடந்து போவான். தலைவி நாள் எண்ணி, வளை நெகிழ, வழி பார்த்திருப்பாள். இன்றைய தலைவன் எங்கே போகிறான்? எங்கும் போகவில்லை. நாற்காலியை விட்டே எழவில்லை. கைபேசி வெளிச்சத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே பாலை கடந்து போய்விடுகிறான். பக்கத்தில் இருப்பவனை எந்தப் பாதையில் போய்த் தேடுவாள் அந்தத் தலைவி?

அந்த அம்மையார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். அவர் கணவர் மோட்டாருக்குச் செப்புக் கம்பிச் சுருள் சுற்றி 'காயில்' கட்டும் பட்டறை வைத்திருக்கிறார்.

"ஐயா, வாசல்ல நிக்கறது நீங்கதானே?"

"நான்தாம்மா."

"எங்க வீட்டுக்காரர் உள்ள இருக்காரு. எந்தப் பேர்ல இருக்காருன்னு மட்டும் சொல்லுங்க."

"பேரைச் சொல்ற வழக்கம் இங்க இல்லைம்மா. எனக்கே தெரியாது. வீட்டுலதானே இருப்பாரு, அவரையே கேக்கலாமே?"

"வீட்டுல உடம்புதான்யா இருக்கு. சட்டையில பட்டறை வார்னிஷ் வாசனை வந்து எத்தனையோ நாளாச்சு. கேட்டா ம்ங்கறாரு, ம்ஹூம்ங்கறாரு. ரெண்டுக்கும் ஒரே மூஞ்சி."

பெயரைச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் வாசல் எல்லோருக்கும் திறந்ததுதானே? வாருங்கள் அம்மா என்றேன். முறைப்படி யாருடைய முறையோ அவரிடம் ஒப்படைத்தேன். அந்த மூத்த உறுப்பினரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 'அசையாமலை' என்ற பெயரில் எழுதுகிறவர். சிரிக்கிறீர்கள். சிரிக்க வைக்கும் எழுத்துதான். எந்தப் புதியவரையும் கடிந்து பேசாதவர். இளையோர் எல்லாம் அவரை அண்ணா, அண்ணா என்று சுற்றி வருவார்கள்.

மன்றத்தில் எல்லோரும் படிக்கும் பொதுத்திரியில் இருவரும் எழுதிப் பேசியதை நீங்களும் படித்திருப்பீர்கள், படித்துவிட்டுக் கடந்திருப்பீர்கள்.

"இப்ப வாங்கலாமா சார்?"

"அதாகப்பட்டது, வீட்டுல கேட்டியாம்மா? வீட்டுல சொல்லாம ஒரு காசும் போடாத."

"நீங்க சொன்னீங்களா சார்?"

அதற்கு அவர் எழுதினார்.

"அதாகப்பட்டது, எங்க வீட்டுல இருக்கறவங்க நல்லவங்க. அவங்க கேட்டா எனக்குப் பொய் வராது. அதான் கேக்கற தூரத்துல நான் இருக்கறதில்லை."

இந்த இடத்தில் எனக்கு ஓர் ஐயம் தட்டியது. மன்றமே அண்ணா என்று அழைக்கும் ஒருவரை இந்த ஒரு பெண்மணி மட்டும் ஏன் சார் என்றே அழைக்கிறார்? அடுத்த முறை பேசியபோது கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, எல்லாரும் அண்ணான்னு கூப்பிடறாங்க. நீ மட்டும் சார் போடறியே?"

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று பிரித்தறிய முடியாத ஓர் ஓசை.

"அவரை எப்படிய்யா நான் அண்ணான்னு கூப்பிடுவேன்? மொத வரியிலயே தெரிஞ்சு போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி என்கிட்ட பேச வந்தப்பவும் அதாகப்பட்டதுன்னுதான் ஆரம்பிச்சாரு. அதுக்கு மேல வார்த்தை வரலை."

பெருமக்களே, எந்தக் காப்பியத்தில் கண்டோம் இதை? தலைவி காத்திருக்கவில்லை, தலைவன் போன பாலைக்குள் தானே நடந்து வந்துவிட்டாள். வந்தவளை அவன் அன்போடு வரவேற்றான். அவள் கேட்டதற்கெல்லாம் விடை சொன்னான். வீட்டில் ஒரு வார்த்தைக்கு வழியில்லாதவன், முகமறியாத புதியவளுக்குப் பக்கம் பக்கமாய்ப் பரிவு எழுதினான். "நல்லா பேசறாருய்யா, கேட்டுட்டே இருக்கலாம்போல இருக்கு" என்றார் அந்த அம்மையார். என் வாழ்நாளில் கேட்ட தோத்திரங்களில் இப்படி நெஞ்சை அறுத்த வரி வேறில்லை.

இனி நான் சொல்லப்போவதற்காகத்தான் இந்த மேடை ஏறினேன். நேற்று அசையாமலை அந்தப் புதியவருக்கு எழுதினார்: "அதாகப்பட்டது, புதுசா இத்தனை பேர் வர்றாங்க பாரு, நீயே வந்திருக்க. இதைவிட நல்ல சகுனம் என்ன வேணும்? நாளைக்குக் கூட்டம். அதுக்கு மறுநாள் காலையில பட்டறைச் சாவியைக் கொடுத்துட்டு நாணயத்துல முழுசா இறங்கறேன்."

நீயே வந்திருக்க. கேட்டீர்களா? தன்னைத் தேடி வந்த மனைவியை எண்ணிக்கையில் சேர்த்து, அந்த எண்ணிக்கையை நம்பி, அவள் வாழ்வைத் தாங்கும் பட்டறையை விட நினைக்கிறார். ஏறும் கோடு என்று நாம் கைதட்டினோமே, அந்தக் கோட்டில் ஒரு புள்ளி அந்த அம்மையார். மற்றப் புள்ளிகள் யார்? ஒவ்வொருவரையும் திரும்பக் கேட்டேன், சொன்னார்கள். மகனைத் தேடி வந்த தந்தை. தம்பியைத் தேடி வந்த அக்காள். கணவனைத் தேடி வந்த மனைவியர். சந்தைக்கு வந்தவர்கள் அல்லர் இவர்கள்; சந்தையில் தொலைந்தவர்களைத் தேடி வந்தவர்கள். இதைச் சகுனம் என்பதா, சங்கடம் என்பதா? இதற்கு நாம் கொட்ட வேண்டியது கைத்தட்டா, கண்ணீரா?

தலைவர் அவர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார். நேரம் ஆகிவிட்டதாம். ஆகிவிட்டது ஐயா, எனக்கும்தான். முடித்துக்கொள்கிறேன்.

பிறர் வீட்டுச் செய்தியை இவன் பேசலாமா என்று நீங்கள் நினைக்கலாம். அந்த அம்மையாரைக் கேட்டுத்தான் பேசுகிறேன். "நீங்களே சொல்லுங்கய்யா. நான் சொன்னா சண்டைன்னுவாரு. நீங்க சொன்னா சொற்பொழிவுன்னு உக்காந்து கேட்பாரு" என்றார். அவர் முகம் எனக்குத் தெரியாது. அசையாமலையின் முகமும் தெரியாது. இருவரும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். துணைக்கு வா என்று கணவர்தான் அம்மையாரைக் கூப்பிட்டாராம். நெடுநாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது என்று அம்மையார் சொன்னார்.

இறைவன் அடியவனின் உள்ளத்து வாசலில் காத்து நிற்கிறான் என்று மறைநூல்கள் எல்லாம் மாறி மாறிச் சொல்கின்றன. கூப்பிடு தூரத்தில் நிற்பவனை நாம்தான் திரும்பிப் பார்ப்பதில்லை. வாசற்காரனாக ஒரே ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். அண்மையில் மன்றத்தில் பதிவு செய்த புதிய உறுப்பினர்கள், தயவுசெய்து, இருந்த இடத்தில் எழுந்து நில்லுங்கள்.

நன்றி, தாயே. நன்றி, அம்மா. அந்தப் பெரியவருக்குக் கை கொடுங்கள், எழட்டும்.

முன்வரிசையில் இருப்போரே, என்னைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். கோடு என் பின்னால் உள்ள திரையில் இல்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால் எழுந்து நிற்கிறது. ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

இல்லை, கைதட்ட வேண்டாம்.

நடுவரிசையில் எழுந்த ஐயா, ஏதோ கேட்க வருகிறீர்கள். ஒலிபெருக்கியை அவரிடம் கொண்டு போகாதீர்கள், தம்பி, சற்று நில்லுங்கள். ஐயா, 'அதாகப்பட்டது' என்று தொடங்கினீர்கள், என் காதில் விழுந்தது. மீதியை இந்த அவைக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் மீதிக்காக நெடுநாளாய்க் காத்திருப்பவர் பின்வரிசையில் நிற்கிறார். போங்கள். வழிவிடுங்கள் அவருக்கு. நாம் பார்க்க வேண்டாம். இந்தப் பக்கம் திரும்பிக்கொள்வோம்.

பொறுமையோடு செவிமடுத்த அவைக்கும், இடம் தந்த தலைவருக்கும், தேடி வந்து நின்ற ஒவ்வொருவருக்கும் என் நன்றி. காவலர் அவர்களே, விளக்கை இன்னும் சற்றுநேரம் எரியவிடுங்கள். அங்கே இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் வணக்கம்.