பாதம் பார்க்கும் கண்ணாடி

— போன மாசத்துல எத்தனை நாளு பாதத்தோட அடிப்பக்கத்தைப் பாத்தீங்க, அங்கிள்?

— தெனமும்.

— தெனமும்னா?

— தெனமும்னா தெனமும்லா, மிஸ்ஸி. முப்பது நாளும். எழுதிக்குங்க.

— கால் விரல் இடுக்குல ஈரம் இருந்தா?

— துணியால ஒத்தி எடுக்கணும், தேய்க்கக்கூடாது. கிரீம் அடிப்பாதத்துக்கு மட்டும், இடுக்குல போடக்கூடாது. சுடுதண்ணிய முழங்கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் கால வைக்கணும். என்னா மிஸ்ஸி இது, கொஞ்சம் கஷ்டமா கேளுங்க.

— சபாபதி அங்கிள், மூணு மாசத்துக்கு முந்தி இதே ஹால்ல உட்காந்து இதே இருபது கேள்வியைத்தான் கேட்டேன். அன்னிக்கு நாலுக்குத்தான் சரியா சொன்னீங்க.

— அறிவு வளராதா? சொல்லப் போனா, துறைமுகத்துல முப்பது வருஷம் கன்டேனர் லோரி ஓட்டினவன் நானு.

— வளரட்டும், சந்தோஷம். ஆனா உங்களுக்கு நான் ஒண்ணுமே சொல்லிக் கொடுக்கலையே.

— அதத்தான் நானே கேக்கணும்னு இருந்தேன். இனிப்புநீர், சர்க்கரை வியாதின்னு வந்துட்டா எல்லாரும் ஒண்ணுதானே? சில பேர ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயி ஒரு மணி நேரம் பாடம் எடுத்தீங்க. எனக்கு மட்டும் ஒரு பேப்பர நீட்டி வீட்டுக்குப் போங்கன்னுட்டீங்க.

— உங்களுக்கு மட்டும் இல்ல. கிளினிக்குக்கு வர்ற அறுபது பேரச் சீட்டுக் குலுக்கிப் பிரிச்சேன். முப்பது பேருக்குப் பாடம், கையில ஒரு நீளப்பிடிக் கண்ணாடி. குனிய முடியாதவங்க அத வச்சு அடிப்பாதத்தைப் பாத்துக்கலாம். மத்த முப்பது பேருக்கு வழக்கமான பேப்பர் மட்டும். மூணு மாசம் கழிச்சு ரெண்டு குரூப்பையும் ஒப்பிட்டுப் பாத்தாதான் பாடத்தால பிரயோஜனம் உண்டா இல்லையான்னு தெரியும். என் நர்சிங் மாஸ்டர்ஸ் படிப்பே அதுலதான் நிக்குது. முடிஞ்சதும் உங்களுக்கும் எடுப்பேன்னு அன்னிக்கே சொன்னேன்ல?

— சொன்னீங்க, சொன்னீங்க. அந்தப் பேப்பர்ல எங்க வீட்டம்மா நெத்திலி வறுத்து வச்சா.

— அப்ப அதையும் படிக்கல.

— எண்ணெயா போச்சு, எங்க படிக்கிறது? தே-ஓ குடிங்க மிஸ்ஸி, தேத்தண்ணி ஆறிடும். கோசோங்தான், பாலும் போடல, சீனியும் போடல.

— குடிக்கிறேன். அங்கிள், வர்ற வெள்ளிக்கிழமை நான் எல்லாத்தையும் எழுதி யுனிவர்சிட்டியில குடுக்கணும். பாடம் படிச்ச குரூப் நல்லா வந்திருக்கு. பேப்பர் குரூப்ல மத்த இடத்து ஆளுங்க அப்படியேதான் இருக்காங்க. பண்டமாரான்ல, அதுவும் இந்த ஒரு வீட்டு வரிசையில இருக்குற ஆறு பேரு மட்டும் இருபதுக்குப் பதினெட்டு, பத்தொன்பதுன்னு வாங்குறீங்க. எப்படி?

— காத்து நல்ல காத்து இங்க.

— அங்கிள்.

— என்னைய ஏன் இப்படிப் பாக்குறீங்க? போலீஸ் மாதிரி. யாரும் எனக்கு ஒண்ணும் சொல்லித் தரல. சத்தியமா.

— சரி. அந்த டிவிக்குப் பின்னாடி ஒரு கண்ணாடி தெரியுதே, அது யாரோடது?

— அதா? அது... எங்க வீட்டம்மா பாசார் மாலாம்ல, அந்த ராத்திரிச் சந்தையில வாங்கினது. மூஞ்சி பாக்க.

— ஒரு முழம் பிடி வச்சா மூஞ்சி பாப்பாங்க? நான் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு ஃபேன்சி கடையில முப்பது வாங்கினேன், கடையில இருந்ததே அவ்வளவுதான். ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி நம்பர் ஒட்டியிருக்கேன். திருப்பிப் பாருங்க. இருபத்தேழா?

— ...இருபத்தேழுதான்.

— உங்க வரிசையிலேயே இருக்குற, பாடம் படிச்ச புனிதா ஆன்ட்டியோடது.

— மிஸ்ஸி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. புனிதாக்காவுக்கு ஏதாச்சும் பிரச்சினை வருமா? கிளினிக்ல பேரு வெட்டிடுவாங்களா? அப்படின்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்.

— வராது. எழுதியே தரேன்.

— புனிதாக்கா பேச்சு மாறல, அத மொதல்ல தெரிஞ்சுக்குங்க. ‘மிஸ்ஸி யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீ பேசாம கால நீட்டு’ன்னு சொல்லும். அவ்வளவுதான். சாயந்தரம் விளக்கு வச்சதும் கண்ணாடியத் தூக்கிட்டு வந்துடும். எங்க வீடு, கன்னையா வீடு, அப்படியே கடைசி வீடு வரைக்கும். நம்ம கால அது பாக்கும். ஏதாச்சும் இருந்தா ‘ச்சு’ன்னு நாக்க நொட்டும். வாயால ஒண்ணும் சொல்லாது.

— அப்புறம் எப்படி இருபது பதிலும் தெரியும்?

— கேக்கும்ல! ‘ஏன் தம்பி, இந்த இடுக்கு இப்படி ஊறிப் போயிருக்கே, என்ன பண்ணியிருக்கணும்?’ நான் ஏதாச்சும் தப்பாச் சொன்னா இல்லன்னு தலைய ஆட்டும். சரியாச் சொல்ற வரைக்கும் நகராது. அது பள்ளிக்கூடத்துல கூட்டித் துடைக்கிற வேலை பாத்துச்சு மிஸ்ஸி, இருபத்தாறு வருஷம். ஜன்னல் வழியா எத்தனை வாத்தியாரப் பாத்திருக்கும்!

— நான் சொல்லக்கூடாதுன்னுதான் சொன்னேன். கேக்கக்கூடாதுன்னு சொல்லல.

— அதேதான் அதுவும் சொல்லுச்சு. சிரிக்காதீங்க மிஸ்ஸி. இல்ல, சிரிங்க. வந்ததுலேர்ந்து இப்பத்தான் பல்லு தெரியுது.

— கண்ணாடி எப்படி உங்க வீட்டுல தங்குச்சு?

— தைப்பூசம். பத்துமலைக்கு நானும் அதுவும் இன்னும் நாலு பேரும் பால்குடம் எடுத்தோம். செருப்பில்லாம தார் ரோட்டுல, உச்சி வெயில்ல. எனக்குத்தான் பாதத்துல உணர்ச்சி கம்மியாச்சே, ஒண்ணும் தெரியல. ஜாலியா நடந்து வந்துட்டேன். மறுநாள் அது கண்ணாடியப் புடிச்சுப் பாத்துட்டு, நாக்க நொட்டல. குதிகால்ல ஐம்பது காசு அளவுக்குக் கொப்புளம்.

— கிளினிக்குக்குப் போனீங்களா?

— விட்டாதானே! கையப் புடிச்சு இழுத்துட்டுப் போச்சு. ஒரு வாரம் கட்டு மாத்தினாங்க. ‘ஆறுற வரைக்கும் காலையும் சாயந்தரமும் பாக்கணும், கண்ணாடி இங்கேயே இருக்கட்டும்’னு வச்சுட்டுப் போச்சு. நாலு நாளு வந்து வந்து பாத்துச்சு. அப்புறம் கேரித் தீவுக்குப் போயிடுச்சு.

— கேரித் தீவுக்கா?

— அங்க எஸ்டேட்டுல தங்கச்சி இருக்காம்ல. உடம்பு சரியில்லயாம், கூட இருந்து பாத்துக்கப் போறேன்னு போன்ல சொல்லுச்சு. வந்தா குடுத்துருவேன் கண்ணாடிய. நான் ஒண்ணும் அமுக்கிக்க மாட்டேன்.

— ஆன்ட்டியும் செருப்பில்லாமதான் நடந்தாங்களா?

— பின்ன? பால்குடத்துக்குச் செருப்பு போடுவாங்களா? ஆனா அது கால் கல்லு மாதிரி மிஸ்ஸி, அதுக்கு ஒண்ணும் ஆகாது. முட்டிதான் மடங்காது.

— ம்.

— என்னா ‘ம்’? எழுதுறத நிறுத்திட்டீங்க.

— ஒண்ணுமில்ல. எங்க பேராசிரியர் இந்த ஆறு பேரையும் கணக்குலேர்ந்து எடுத்துடுன்னு சொல்றாங்க. பாடம் கசிஞ்சு போச்சாம். எடுத்துட்டா என் கணக்கு அழகா வரும்.

— அப்ப எடுத்துடுங்களேன். எங்களுக்கென்ன, கோவிச்சுக்கவா போறோம்?

— எடுத்தா ஒருத்தங்க வீடு வீடா வந்து ஆறு பேரு கால பாத்ததும் அழிஞ்சு போயிடும். வச்சிருந்தா கணக்கு கோணலா வரும். பாடம் படிச்ச குரூப்ல ஒருத்தருக்குக் காலே போச்சு அங்கிள். புண்ணு உள்ள பரவிட்டுது, முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. படிக்காத உங்க குரூப்ல ஒருத்தருக்கும் அப்படி ஆகல. கணக்க மட்டும் பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க? இந்தப் பாடமே வேணாம்பாங்க. கிளினிக்ல இத எடுத்து நடத்த யாரும் வர மாட்டாங்க.

— காலு போச்சா! யாரு மிஸ்ஸி அது?

— பேரு சொல்லக்கூடாது.

— எவனோ சோம்பேறி. ஒரு மணி நேரம் உட்கார வச்சுப் பாடம் எடுத்து, கையில கண்ணாடியும் குடுத்து, அப்பவும் கால பாக்கலன்னா என்னா ஜென்மம்? லோரி டயரப் பாக்காம நான் ஒரு நாளு ரோட்டுல எறங்கினதில்ல. அந்த ஆளால புனிதாக்கா செஞ்சது எல்லாம் வீணாப் போகுதே, வயிறு எரியுது எனக்கு.

— அப்படிச் சொல்லாதீங்க அங்கிள்.

— சொல்லுவேன். நேருல பாத்தா நாலு வார்த்தை கேப்பேன்.

— கடைசிக் கேள்வி. உங்களால குனிஞ்சு பாதத்தைப் பாக்க முடியலன்னா என்ன செய்வீங்க?

— இன்னொருத்தரப் பாக்கச் சொல்லுவேன். எங்களுக்கு என்னா கவலை, புனிதாக்கா இருக்கு.

— இருபதுக்கு இருபது. நான் யாரையும் எடுக்கப் போறதில்ல. நடந்தத நடந்த மாதிரியே எழுதப் போறேன், பேராசிரியர் திட்டினாலும் சரி. இருபத்தேழாம் நம்பர் கண்ணாடிய வச்சு உங்க பாதத்தை இன்னொருத்தர் பாத்தாங்கன்னு இதுல இருக்கு. சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க.

— இங்கதானே? ...ஆச்சு.

— ஃபார்ம மூடிட்டேன். இனிமே கேக்குறது ஆராய்ச்சிக்கு இல்ல. புனிதா ஆன்ட்டி பாதத்தை யாரு பாத்தாங்க?

— அதுக்கு என்னாத்துக்கு? அதுகிட்டத்தான் கண்ணாடி...

— கண்ணாடி தைப்பூசத்துக்கு மறுநாள்லேர்ந்து இங்க இருக்கு.

— ...வீட்டுல அலமாரிக் கண்ணாடி இருக்குன்னு சொல்லுச்சே. பெரிய கண்ணாடி.

— முட்டி மடங்காதவங்க அதுல எப்படிப் பாப்பாங்க? அவங்க கேரித் தீவுக்குப் போகல அங்கிள். பதினேழு நாளா எங்க வார்டுல இருக்காங்க.

— சும்மா சொல்லாதீங்க மிஸ்ஸி. நேத்துகூட போன் பண்ணி, கொப்புளம் ஆறிடுச்சா தம்பின்னு கேட்டுச்சு.

— வார்டுலேர்ந்துதான் பண்ணாங்க. என் போன்ல. நான்தான் நம்பர் அழுத்திக் குடுத்தேன்.

— வந்ததும் சொல்றதுக்கு என்னா? இவ்வளவு நேரம் உட்காந்து கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தீங்களே!

— மொதல்லயே சொல்லியிருந்தா உங்க பதில் மாறியிருக்கும். எனக்கும் கேக்க வாய் வந்திருக்காது. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லச் சொல்லித்தான் அனுப்பினாங்க.

— அப்புறம் சொல்லுங்க. இருங்க, சட்டைய மாட்டிக்கிறேன், உங்க கார்லயே வரேன். அந்தக் கண்ணாடிய எடுங்க, அதோட சாமான் அதுகிட்டயே போகட்டும்.

— அதத்தான் சொல்லச் சொன்னாங்க அங்கிள். ‘கண்ணாடி தம்பிகிட்டயே இருக்கட்டும், அவனுக்கு ரெண்டு பாதம் இருக்கு, எனக்கு இனிமே ஒண்ணுதானே’ன்னு.