பட்டினி கிடக்க வேண்டியது யார்?

தலைமை ஏற்றிருக்கும் ரத்த நோய்ப் பிரிவு மருத்துவர் அவர்களே, உடல் நொந்தாலும் உள்ளம் நோகாமல் ஊசி போடும் செவிலியர்களே, உதிரம் கொடுத்து உறவாகிவிட்ட பெரியோர்களே, பிள்ளையின் கட்டிலோரம் நாற்காலியிலேயே உறங்கிப் பழகிய தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் ஒரு நொதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்திருப்பது தெரிகிறது. சுருக்கமாக முடிக்கிறேன் ஐயா, உட்காருங்கள்.

அஸ்பராஜினேஸ் என்று அதற்குப் பெயர். பாக்டீரியாவிலிருந்து எடுக்கிறார்கள். அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலத்தை அது உடைத்துவிடும். என் அக்காள் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது மருத்துவர் சொன்னார்: "நல்ல செல்லு அஸ்பராஜினைத் தானே சமைச்சுக்கும். நோய் செல்லுக்குச் சமைக்கத் தெரியாது, ரத்தத்துல வர்றதைத்தான் சாப்பிடும். இந்த ஊசி அந்தச் சாப்பாட்டை நிறுத்திடும்."

பிள்ளையின் அப்பா, என் மச்சான், தையல்காரர். அளவெடுத்தால் அரை அங்குலம் பிசகாதவர். கேட்டார், தலையாட்டினார், வீட்டுக்கு வந்தார். அஸ்பராஜின் எதில் இருக்கிறது என்று கைபேசியில் தேடினார். முட்டையில் இருக்கிறது, பாலில் இருக்கிறது, பருப்பில் இருக்கிறது, உருளைக்கிழங்கில் இருக்கிறது. அத்தனையையும் நிறுத்திவிட்டார். நோயைப் பட்டினி போடப் புறப்பட்டவர் யாரைப் பட்டினி போட்டார்? பழச்சாற்றிலேயே காலம் தள்ளிய பிள்ளை துரும்பாய் இளைத்தாள்.

அடுத்த ஊசிக்குப் போனோம். எடை பார்த்த மருத்துவர், "இந்த உடம்பு தாங்காது, தள்ளி வைக்கணும்" என்றார். தள்ளி வைத்தால் நோய்க்கல்லவா மூச்சுவிட நேரம் கிடைக்கும்?

மச்சான் தாம் செய்ததைச் சொன்னார். மருத்துவர் கோபப்படவில்லை. "நீங்க சாப்பாட்டை நிறுத்தினாலும் உடம்பு அஸ்பராஜினைத் தானே செஞ்சுக்கிட்டேதாங்க இருக்கும். ரத்தத்துல இருக்கறதை உடைக்க ஊசி இருக்கு. நீங்க பிள்ளைக்கு நல்லா சாப்பாடு குடுங்க."

அப்போது பிள்ளை அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்போ முட்டை சாப்பிடலாமாப்பா? நீ அழுவியேன்னுதான் கேக்காம இருந்தேன்."

அன்றுதான் மச்சான் அழுது நான் பார்த்தேன்.

தலை குனியாதீர்கள் மச்சான், உங்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. பாசம் இருந்தது, அளவுக்கு மேலேயே இருந்தது. கேள்விதான் இல்லை. பெற்றோர்களே, மருத்துவர் பேசி முடித்ததும் எழுந்துவிடாதீர்கள். பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம் என்று கேளுங்கள். புரியவில்லையா, மறுபடியும் கேளுங்கள். வெட்கமாக இருக்கிறதா, வெட்கத்தோடேயே கேளுங்கள்.

உடம்பு தேறியதும் ஊசியைத் தொடர்ந்தார்கள். நோய் அடங்கியது. அவள் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். கூட்டம் முடிந்தால்தான் சாப்பாடு என்று யாரோ சொல்லிவிட்டார்கள், என்னையே முறைத்துக்கொண்டிருக்கிறாள். என் மருமகளை இனி ஒரு நிமிடம்கூடப் பட்டினி போட எனக்கு மனமில்லை. உதிரம் தந்த கைகளுக்கெல்லாம் நன்றி சொல்லி, வணங்கி அமர்கிறேன்.