பிர்ச் மரத்தடிக் காளான்

காளானைப் பிளாஸ்டிக் பையில் போடக் கூடாது. புழுங்கிக் கொழகொழத்துவிடும். கூடைதான் நல்லது.

பிர்ச் மரத்தடியில் முளைப்பதை அடையாளம் காண்பது பெரிய வித்தையில்லை. நல்ல காளானின் தண்டில் கறுப்புச் செதில் இருக்கும். குடையின் அடிப்பக்கம் பஞ்சு போலிருக்கும். அதே மரத்தடியில் முளைக்கும் பன்றிக்காளானுக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும், விரல் பட்ட இடம் பழுப்பாகக் கன்றிப்போகும். அதைத் தொட்டாலே எனக்குக் குமட்டும். ஆனால் எங்கள் ஊரில் ஒரு காலத்தில் எல்லோரும் அதை வேகவைத்துத் தின்றவர்கள்தாம். என் அண்ணன் புரோகோருக்கு அதென்றால் உயிர்.

கால் விளங்காமல் போனபின் அவன் என் வீட்டோடு வந்துவிட்டான். அவன் சாப்பிடுவதை நீங்கள் பார்த்ததில்லை. உறிஞ்சுவான். தாடியில் வழியும் பாலேட்டைப் புறங்கையால் வழித்து நக்குவான். பல்செட்டைக் கழற்றி என் தேநீர்க் கோப்பையில் அலசுவான். முகம் சுளித்தால் சிரிப்பான். "கழுவிக் கழுவியே நீ தேஞ்சு போயிடுவடா, நஸார்."

போன வருஷம் அந்தக் காளானால் அவனுக்குச் சிறுநீர் கறுத்துப் போனது. வருஷக்கணக்கில் தின்றதில் உடம்புக்கு அது விஷமாகிவிட்டது, இனி தின்றால் பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டர். பயந்துவிட்டான். அதன்பிறகு எந்தக் காளானையும் என்னைக் கேட்காமல் வாயில் வைத்ததில்லை.

இந்த ஆகஸ்டில் நான் பறித்தது பன்றிக்காளான். கையுறை போட்டுக்கொண்டுதான் பறித்தேன். நறுக்கிப் புளித்த பாலேட்டில் வதக்கிவிட்டால் எது எதுவென்று தெரியாது.

"இது அது இல்லையேடா?" என்று கேட்டான்.

"பிர்ச் காளான்தாண்ணே. சாப்பிடு."

"நீ சொன்னாச் சரி. காட்டு விஷயத்துல எனக்கு உன் கண்ணுதான்டா கண்ணு."

இரண்டு தட்டு தின்றான். சற்று நேரத்தில் தரையெல்லாம் வாந்தி. என் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடச் சொன்னான். விரலெல்லாம் பிசுபிசுப்பு. எனக்கு அருவருப்பில் உடம்பே கூசியது. கையை உருவிக்கொண்டேன்.

கொன்றது நான்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் போன் செய்யத் தாமதித்தேன் என்று என் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள், அது நியாயமில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவினேன், தட்டுகளைக் கழுவினேன், அவனைச் சுற்றித் தரையை இரண்டு முறை துடைத்தேன். அந்த நாற்றத்துக்குள் ஒரு டாக்டரை எப்படிக் கூப்பிடுவது?