ஏணைக்கயிறும் செல் துண்டும்

“...கையில தராதையடி, எத்தினை தரம் சொல்லுறது! கத்தியைக் கீழ வை, நான் எடுக்கிறன். இருக்கிற சண்டை காணாதோ உனக்கு?”

மச்சாளின் குரல். என் கணவரின் மூத்த அக்கா. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் இருவருக்கும் சண்டை வரும் என்பது எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கும் தெரியும். கீழே வைக்க வேண்டும். மற்றவர் எடுக்க வேண்டும். எனக்கும் மச்சாளுக்கும் கலியாணப் பந்தலிலேயே வாய்த்தர்க்கம் தொடங்கிவிட்டது. புதிதாக வர ஒன்றும் இல்லை. என்றாலும் வைத்தேன். மணலில். கூடாரமாயிருந்த தறப்பாளைக் கழற்றியாயிற்று, அதன் கயிற்றை அறுத்து மூட்டை கட்ட வேண்டும். அதற்குத்தான் கத்தி.

தூரத்தில் ‘டும்’. பிறகு எறிகணையின் ஊளை.

“படுங்கோ! படுங்கோ!”

மண் எழும்புகிறது. காது அடைத்துப்போய் ஒற்றைச் சத்தமாகக் கூவுகிறது. மச்சாள் தன் பிள்ளையை அள்ளுகிறார். நான் மூட்டையை இழுக்கிறேன். இவர், என் கணவர், இருவரையும் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறார். ஓடுகிறோம். கத்தி மணலில் கிடக்கிறது.

அது 2009 மாசி. ஸ்கந்தபுரத்தில் இருந்து வெளிக்கிட்டு, வட்டக்கச்சி, விசுவமடு என்று ஒவ்வோர் இடமாகக் கழன்று வந்திருந்தோம். மச்சாளின் கணவர் கிளிநொச்சியிலேயே செத்துப்போய்விட்டார். மிஞ்சியது நாங்கள் மூவரும், மச்சாளின் மகன் தனுவும். ஒரு வயது ஆகவில்லை.

வழியில் ஒரு வாய்க்கால். கழுத்தளவு தண்ணீர். தனுவைத் தலைக்கு மேலே தூக்கிக் கடந்தோம். தீப்பெட்டி என் இடுப்பு மடியில் இருந்தது. கரையேறிப் பார்த்தேன். மருந்து முழுவதும் கரைந்து, வெறும் குச்சிகள்.

காட்டுக்குள் ஒரு பாலை மரத்தடியில் இருந்தோம். தனுவுக்கு வயிற்றால் போனது. குடித்ததையெல்லாம் சத்தியும் எடுத்தான். கண் உள்ளே போய்விட்டது. அழுதான், கண்ணீர் வரவில்லை. பக்கத்தில் ஒரு மடு. பச்சைத் தண்ணீர்.

“காய்ச்சாமல் குடுத்தால் நாளைக்குப் பிள்ளை இல்லை” என்றார் மச்சாள். அவ்வளவுதான். வாய் ஓயாத மனிசி.

அடுத்த மரத்தடியில் வட்டக்கச்சி ஐயா ஒருவர். தனி ஆள். காலில் காயம். அவரிடமும் நெருப்பு இல்லை.

இவரின் அப்பா தச்சுவேலை செய்தவர். மரத்தில் துளை போடும் துறப்பணத்தின் கயிற்றைச் சிறுவயதில் இவர்தான் இழுத்துக் கொடுப்பாராம். வளைந்த தடியில் கயிறு கட்டி, அதை ஒரு கம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, முன்னும் பின்னும் இழுத்தால் கம்பு சுழலும். “துளை போடேக்க மரம் சுடும். கொஞ்சம் கூடச் சுட்டால் நெருப்புத்தானே” என்றார். பச்சைக் கொப்பு ஒன்றை முறுக்கி முறித்தார். அது வில். கயிறு?

கொப்பில் கட்டியிருந்த தனுவின் ஏணையை, அந்தச் சேலைத் தொட்டிலைப் பார்த்தார்.

“பிள்ளையின்ர ஏணைக் கயிறடா!” என்றார் மச்சாள். சொல்லிக்கொண்டே அவிழ்த்துக் கொடுத்தார்.

முதலில் பாலைக் கம்பு. கிறீச், கிறீச். மரம் மினுங்கியது. புகை இல்லை. வன்னிக் காட்டுக்குப் பெருமை தேடித்தந்த மரம், எங்களுக்கு உதவவில்லை. பிறகு காய்ந்த முருக்கு. மென்மையான மரம். அடிப்பலகையில் ஒரு குழியும், குழிக்குப் பக்கத்தில் தூள் விழ ஒரு வெட்டும் வேண்டும். வெட்டக் கத்தி இல்லை. கல்லால் குத்தினோம். பிளந்தது. பல்லால் கடித்தார். வாயில் இரத்தம்.

அப்போதுதான் கண்டேன். பாலை மரத்தின் அடியில் ஒரு செல் துண்டு, வெடித்த எறிகணையின் இரும்புச் சிதறல், ஏறி இருந்தது. கல்லால் தட்டித் தட்டிக் கழற்றினோம். வாள் மாதிரி விளிம்பு. சேலைத்துண்டால் பிடித்து அறுத்தார். அழகாக வெட்டியது.

கம்பின் மேல்முனையில் சிரட்டையை வைத்து அமத்திக்கொண்டு வில்லை இழுத்தார்.

“தம்பி, பிடில் வாசிக்கிறியோ? பாட்டும் வருமோ?” படுத்தபடி ஐயா.

“கச்சேரி முடியட்டும் ஐயா, தேத்தண்ணி தாறன்.”

“சீனி இல்லாட்டி நான் தொடமாட்டன், கண்டியோ.”

கயிறு நழுவியது. திரும்பச் சுற்றினார். உள்ளங்கை உரிந்தது. நான் இழுத்தேன். மச்சாள் இழுத்தார். கறுத்த தூள் விழுந்தது. தூளில் இருந்து நூல் போலப் புகை. கையை எடுத்த பிறகும் புகைந்தது. தலையணையைக் கிழித்துப் பஞ்சில் அதைக் கொட்டி ஊதினார். சிவப்பு. பிறகு மஞ்சள்.

மச்சாள் அழுதார். கணவர் போன அன்றைக்கும் அழாதவர்.

தண்ணீர் கொதித்தது. ஒரு பிடி அரிசியில் கஞ்சி. தனு குடித்தான். சத்தி எடுக்கவில்லை. ஐயாவுக்கு மூடியில் வெறும் சுடுதண்ணீர். ஒரு வாய் குடித்துவிட்டு, “சீனி கூடிப்போச்சு” என்றார்.

மேலே ‘வண்டு’ இரைகிறது. ஆளில்லா வேவு விமானத்துக்கு எங்கள் சனம் வைத்த பெயர். அது புகையைக் கண்டால் அந்த இடத்துக்குச் செல் வரும். இரைச்சல் கேட்டால் தணலைப் பானையால் மூடுவோம். தூரப் போனால் திறப்போம். அதற்குள் மணம் பிடித்துச் சனம் வந்தது. காடு முழுக்கச் சனம் இருந்திருக்கிறது. கையில் தணல் வாங்கிப் போகத் தேங்காயின் பொச்சுமட்டை. “தம்பி, கொஞ்சம் நெருப்பு.” “அண்ணை, எங்களுக்கும்.” இவர் ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஒவ்வொரு மட்டையிலும் தணல் வைத்து ஊதிக் கொடுத்தார். எல்லோரிடமும் வயிறு காய்ந்த பிள்ளைகள்.

மத்தியானம் மரங்களுக்கு மேலே புகை. ஒன்றல்ல, தணல் கொண்டுபோன மரத்தடி ஒவ்வொன்றிலும். வண்டு திரும்பி வருகிறது. இவர் எழும்பி ஓடினார். மரம் மரமாக.

“அணையுங்கோ! புகையை அணையுங்கோ! மண்ணைப் போடுங்கோ!”

டும். டும்.

ஊளை கேட்கவில்லை. கிட்டத்தில் விழுவது ஊளையிடாது.

அதில் செத்தவர்கள் யார் யார் என்று எழுதி வைக்க வேண்டும். பிறகு வருபவர்களுக்குத் தெரிய வேண்டும். இவர். வட்டக்கச்சி ஐயா, மூடி நெஞ்சின்மேல் கிடந்தது. பெயர் தெரியாத ஒரு தாய். பொச்சுமட்டை அவள் கையில் இன்னும் புகைந்தது. அவளோடு வந்த பிள்ளை. மற்றவர்களை மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களின் கணக்கு என்னிடம் இல்லை. பானை போனது. முருக்குப் பலகை போனது. தனு இருந்தான். இன்றும் இருக்கிறான், கிளிநொச்சியில், மீசை வைத்துக்கொண்டு.

இவரைத் தறப்பாளில் சுற்றினோம். கட்டக் கயிறு வேண்டும். இருந்தது ஏணைக்கயிறு ஒன்றுதான். அதை மூன்றாக அறுக்க வேண்டும். செல் துண்டு என் கையில். பழக்கம். குனிந்து கீழே வைக்கப் போனேன்.

மச்சாள் கையை நீட்டினார். என் கையில் இருந்து தன் கையில் வாங்கினார். அறுக்கத் தொடங்கினார்.